தம்பலகாமத்துத் துவக்கும் 500 டொலர் ரைபிளும்

மான் வேட்டையைப் பற்றிப் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமில்லாத இடம் திருகோணமலையில் கிடைக்காது. கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில், பிரட்ரிக் கோட்டைக்குள் மரநிழலில் நானும் அக்காவின் மகனும் நின்றோம். மூன்று புள்ளிமான்கள் பக்கத்தில் நின்று, யாரோ எறிந்துவிட்டுப் போன கச்சான் சரையைக் கடதாசியோடு மென்றுகொண்டிருந்தன. அவன் ஒரு மானுக்கு வாழைப்பழத்தை நீட்டியபடியே கேட்டான்: "மாமா, முதல் ரைபிள் வாங்கிறதெண்டால் பக்கேஜா எடுக்கலாமோ?"

அவன் கனடாவில் சட்பரிப் பக்கம் வேலை செய்கிறான். கூட வேலை செய்பவர்கள் ஒவ்வொரு நவம்பரும் காட்டுக்குப் போகிறார்கள். இவனும் பாடநெறி முடித்து லைசன்ஸ் எடுத்துவிட்டான். கையில் 700 டொலர் ஒதுக்கியிருக்கிறான். நான் ஒன்ராறியோவில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். அங்கே இருந்தபோது 2014இல் இப்படி ஒரு பக்கேஜ் ரைபிள் வாங்கி, பிழைகள் எல்லாவற்றையும் சொந்தக் காசில் செய்து பார்த்தவன். மானுக்கு முன்னால் நின்று பாதிதான் சொல்ல முடிந்தது. மிச்சத்தை எழுதுகிறேன். இங்கிருந்து போன வேறு பிள்ளைகளும் இதையே கேட்கிறார்கள்.

ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். இது கனடாக் கதை. இங்கே துவக்கு என்பது 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டத்துக்குள் அடங்கிய விஷயம். உத்தரவுப்பத்திரம் இல்லாமல் தொடவும் கூடாது, அதை வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டும். என் அப்பாவிடம் அப்படி ஒரு துவக்கு இருந்தது. ஒற்றைக் குழல், வாயளவு பன்னிரண்டு போர். தம்பலகாமத்தில் எங்கள் வயலுக்குப் பன்றி வரும். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாய்ந்து நெல் பால் பிடிக்கிற நேரத்தில் ஒரு இரவு காவல் தவறினால் போதும், விடியும்போது பாதி வரவை உழுதுபோட்டதுபோல் கிடக்கும். எண்பதுகளில் துவக்குகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். அப்பா கொண்டுபோய்க் கொடுத்தார். அது திரும்பி வரவில்லை. ஆனால் அவர் அதை வைத்திருந்த விதம் எனக்குள் அப்படியே இருந்தது. கனடாவில் துவக்குக் கடை வாசலில் நின்றபோதுதான் அது தெரிந்தது.

அதற்கு முன்னால் வீட்டுப் பிரச்சினை ஒன்று இருந்தது. கனடாவில் லைசன்ஸ் விண்ணப்பத்தில் வாழ்க்கைத் துணையின் கையெழுத்துக்கு ஓர் இடம் உண்டு. அது வெறுமையாக இருந்தால், நாம் விண்ணப்பித்திருப்பதைத் துணைக்கு அவர்களே அறிவிப்பார்கள். ஒளித்து எடுக்கிற வழியில்லை. படிவத்தை மேசையில் வைத்தேன். மனைவி அதைத் தொடவில்லை. "ஊரில துவக்கைக் கண்டு ஓடி வந்த நாங்கள். இங்க காசு குடுத்து வாங்கிறதோ?" என்றாள். என்னிடம் மறுமொழி இல்லை. வேட்டைக்குப் போகாவிட்டால் குடிமுழுகிப் போகாதுதானே. மூன்று கிழமை படிவம் மேசையில் கிடந்தது. பிறகு ஒருநாள் தானாகவே கையெழுத்து வைத்தாள். பூட்டும் திறப்பும் தன்னிடம் இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டாள். முதல் தடவை லைசன்ஸ் எடுப்பவருக்குச் சட்டப்படி குறைந்தது 28 நாள் காத்திருப்பும் உண்டு. அதையும் சேர்த்துக் கணக்குப் பார். நவம்பர் வேட்டைக்கு ஒக்டோபரில் ஓடித்திரிந்தால் நடக்காது.

சரி, துவக்குக்கு வருவோம். நான் சொல்லப்போவது போல்ட் அக்ஷன் வகை. அதாவது, கையால் போல்ட் என்கிற தாழ்ப்பாளைத் தூக்கி, இழுத்து, தள்ளி ஒவ்வொரு ரவையாக ஏற்றுகிற ரைபிள். பழைய மரக்கதவின் கொண்டியைத் திறந்து பூட்டுகிற அதே அசைவுதான். பாகங்கள் குறைவு, மலிவாகச் செய்யலாம், மலிவாகச் செய்தாலும் நேராகச் சுடும். பக்கேஜ் என்றால் அதன்மேல் ஸ்கோப் என்கிற குறிபார்க்கும் தொலைநோக்கியைப் பூட்டி, ஒரே பெட்டியில், ஒரே விலைக்கு விற்பது. பெட்டியைத் திறந்தால் வேலை முடிந்தது என்ற நினைப்பு வரும். எனக்கும் வந்தது.

இந்த விலையில் கடைகளில் அதிகம் காண்பவை சவேஜ் அக்ஸிஸ், ருகர் அமெரிக்கன், மொஸ்பேர்க் பேட்ரியட் மூன்றும்தான். அக்ஸிஸில் எக்ஸ்பி என்று முடிகிற பெயர்தான் ஸ்கோப்போடு வருகிற பக்கேஜ். அக்ஸிஸ் 2 என்றால் சுடுவதற்கு விரலால் இழுக்கிற விசையின் இறுக்கத்தை நாமே கூட்டிக் குறைக்கலாம். முதல் அக்ஸிஸில் அந்த வசதி இல்லை. இரண்டுக்கும் விலை வித்தியாசம் பெரிதில்லை. அந்தக் காசைக் கொடுக்கத்தான் வேண்டும். விசை கடினமாக இருந்தால் அதை இழுக்கிற இழுப்பிலேயே குழல் அசைந்துவிடும். ருகர் அமெரிக்கன் 2012இல் வந்தது. அதன் போல்ட் 70 பாகைதான் மேலே எழும்பும். அதனால் கைப்பிடி ஸ்கோப்பில் இடிக்காது, தடித்த கையுறையோடும் இழுக்கலாம். பேட்ரியட் 2015இல் வந்தது, அதிலும் விசையைச் சரிப்படுத்தலாம். காசு கூட இருந்தால் பின்லாந்துக்காரரின் டிக்காவை எடு, போல்ட் எண்ணெயில் வழுக்குவதுபோல் போகும். ஆனால் 700 டொலர்க்காரனிடம் டிக்காவைப் பற்றிப் பேசுவது பாவம்.

மூன்றில் எது நல்லது என்று மருமகன் திரும்பத் திரும்பக் கேட்டான். துவக்கு என்ற அளவில் மூன்றும் நம்மைவிட நன்றாகச் சுடும். அதில் மண்டையை உடைக்கத் தேவையில்லை. உடம்புக்கு எது பொருந்துகிறது என்பதுதான் கேள்வி.

அப்பா துவக்கு பார்க்கிற முறை ஒன்று உண்டு. கண்ணை மூடு. துவக்கைத் தூக்கித் தோளில் வை. கன்னத்தைப் பிடங்கில், அதாவது தோளில் முட்டுகிற பின்கட்டையில் பதி. பிறகு கண்ணைத் திற. குறி தானாகக் கண்ணுக்கு நேரே இருந்தால் அது உன் துவக்கு. கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தால் அது வேறு ஆளுடையது. கடையில், வெற்றுத் துவக்கு என்று விற்பவரோடு சேர்ந்து உறுதிசெய்துவிட்டு, குழலை ஆளில்லாத சுவர்ப் பக்கம் பிடித்து அதையே செய்தேன். நான் ஐந்தடி நாலங்குலம். இந்த ரைபிள்களின் பிடங்கு பெரும்பாலும் ஐந்தடி பத்தங்குலக்காரருக்கு அளவெடுத்ததுபோல் இருக்கும். பிடங்கின் அடியை முழங்கை மடிப்பில் வைத்தால் சுட்டுவிரல் வசதியாக விசையைத் தொட வேண்டும். எனக்கு மட்டுமட்டாகத் தொட்டது. பரவாயில்லை என்று வாங்கிவிட்டேன்.

அங்கேதான் மடத்தனம். நான் வாங்கியது யூலை மாதம், ரீ-ஷேர்ட்டோடு. வேட்டைக்குப் போனது நவம்பரில். உள்ளே கம்பளிச் சட்டை, அதற்குமேல் தடித்த கோட், எல்லாவற்றுக்கும் மேல் ஒன்ராறியோச் சட்டம் கேட்கிற செம்மஞ்சள் மேலாடை. இடுப்புக்குமேல் 400 சதுர அங்குலம் தெரிய வேண்டும், தொப்பியும் அதே நிறத்தில் வேண்டும். இவ்வளவையும் போட்டுக்கொண்டு துவக்கைத் தூக்கினால் பிடங்கு கமக்கட்டில் கொளுவிக்கொண்டது. தோளுக்கே வரவில்லை. ஆகவே தம்பி, கோடையில் வாங்கினாலும் குளிர்காலக் கோட்டைக் கையோடு கொண்டு போ. கடையில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பிடங்கு நீளமாக இருந்தால், குட்டைப் பிடங்கோடு அதே மொடல் இருக்கிறதா என்று கேள். சில மொடல்களுக்கு இருக்கிறது.

இவன் இன்னொரு வில்லங்கமும் வைத்திருந்தான். இடக்கைக்காரன். வலக்கைக்காரருக்கான போல்ட்டை இடத்தோளில் வைத்து இழுப்பது, பக்கத்து இலையில் சாப்பிடுவது மாதிரி. அக்ஸிஸ், ருகர் இரண்டிலும் இடக்கை மொடல்கள் உண்டு. ஆனால் தள்ளுபடி விலையில் கட்டாக அடுக்கி வைத்திருக்கும் பக்கேஜ்கள் வலக்கைக்குத்தான் இருக்கும். சொல்லி எடுப்பிக்க வேண்டும்.

ரவை அளவைப் பற்றி ஆளாளுக்கு ஒரு வேதம் வைத்திருப்பார்கள். நான் எடுத்தது .308 வின்செஸ்டர். 1952இல் வந்த பழசு, எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும், மானுக்கும் காணும், தூரம் பார்த்துச் சுட்டால் மூஸ் என்கிற பெரிய காட்டுமானுக்கும் காணும். ஆனால் மலிவு ரைபிள்கள் பாரம் குறைந்தவை. பாரம் குறைந்தால் உதை கூடும். முதல் நாள் பத்து வெடிக்குப் பிறகு தோள் கன்றிப்போய், விசையைத் தொடும்போதே கண் தானாக மூடியது. அப்படிக் கண்ணை மூடிப் பழகினால் பிறகு மாற்றுவது கஷ்டம். மான் மட்டும்தான் என்றால் .243 போதும். அதே .308 கோதின் வாயை ஒடுக்கிச் செய்தது, உதை நன்றாகக் குறையும். இப்போது பையன்கள் எல்லோரும் 6.5 கிரீட்மோர் என்கிறார்கள். நல்லதுதான், உதையும் இதம். ஆனால் வடக்கில் காட்டுக்குள் 80 யார் (கெஜம்) தூரத்தில் நிற்கிற மானுக்கு அதன் தூரப் பெருமை எதுவும் தெரியப்போவதில்லை. நீ வேட்டையாடப் போகிற பகுதியில் எதற்கு அனுமதி என்பதையும் முதலில் பார். தென் ஒன்ராறியோவில் ரைபிளே கூடாத, ஷொட்கன்னோடு (அப்பாவின் துவக்கு வகை) போகிற மான் வேட்டைகளும் உண்டு.

இனி ஸ்கோப். என் காசும் மானமும் போன இடம் இதுதான்.

பக்கேஜ்களில் வருவது பெரும்பாலும் 3-9x40. மூன்று மடங்கு முதல் ஒன்பது மடங்கு வரை பெரிதாக்கும், முன்கண்ணாடி 40 மில்லிமீற்றர். பெட்டியில் "போர்சைட் செய்யப்பட்டது" என்று எழுதியிருந்தது. குறி வைத்து முடித்துத் தந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அதன் அர்த்தம், குழலும் ஸ்கோப்பும் ஏறக்குறைய ஒரே பக்கம் பார்க்கின்றன என்பது மட்டுந்தான். சுட்டுச் சரிப்படுத்துவது நம் வேலை.

சூட்டுத்திடலில் 25 யாரில் கடதாசியை வைத்து முதல் வெடி. இரண்டு அங்குலம் இடப்பக்கம். குமிழில் ஒரு கிளிக்குக்குக் கால் அங்குலம் என்று இருந்தது. சின்னக் கணக்குத்தானே, எட்டு கிளிக் திருப்பினேன். அடுத்த வெடி அரை அங்குலந்தான் நகர்ந்தது. இன்னும் எட்டு. இன்னும் அரை அங்குலம். ஸ்கோப் பழுது என்று முடிவு கட்டிவிட்டேன். உண்மையில் பழுது என் வாசிப்பில். கால் அங்குலம் என்பது 100 யாரில். 25 யாரில் அது நாலில் ஒரு பங்கு, அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒன்று. இரண்டு அங்குலத்துக்கு 32 கிளிக் வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பின்னம். ஒரு பெட்டியில் 20 ரவை, அப்போது முப்பது டொலர் அளவில். அந்தப் பின்னத்தைப் படிக்கப் பாதிப் பெட்டி செலவானது.

பிறகு 100 யாருக்குப் போனேன். அங்கே வேறு கூத்து. ஒரு வெடி மூன்று அங்குலம் வலம், அடுத்தது ஐந்து அங்குலம் மேலே, அதற்கடுத்தது கடதாசியிலேயே இல்லை. மூச்சைப் பிடித்தேன், மணல் மூட்டையை மாற்றினேன், இரண்டாவது பெட்டியும் முடிகிற நிலை. பக்கத்து மேசையில் இருந்த வெள்ளைக்காரத் தாத்தா வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், துவக்கைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு வந்தார். ஸ்கோப்பை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினார். ஆடுகிற பால் பல்லைப் போல அசைந்தது. ஸ்கோப்பைத் தாங்குகிற வளையங்களின் அடியில் இருந்த திருகாணி ஒழுங்காக முறுக்கப்படவில்லை. ஒவ்வொரு வெடியின் உதைக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்திருக்கிறது.

அவர் தன் பெட்டியில் இருந்து முறுக்கு அளக்கிற திருப்புளி ஒன்றை எடுத்தார். ஸ்கோப்பைக் கழற்றி, திருகாணிகளில் இருந்த எண்ணெயைத் துடைத்து, அடிக்கட்டையில் இருந்து ஒவ்வொன்றாக முறுக்கிக்கொண்டு வந்தார். வளையத் திருகாணிக்குப் பொதுவாக 15 முதல் 18 அங்குல-இறாத்தல். கைப்பலத்தால் முறுக்கினால் ஒன்றில் தளரும், அல்லது ஸ்கோப்பின் குழாய் நசியும். முறுக்கிய பிறகு மூன்று வெடி வைத்தேன். மூன்றும் இரண்டு சோடா மூடியைப் பக்கம் பக்கமாக வைத்தால் மூடுகிற இடத்துக்குள். அவருக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தேன். அது நான் அந்த ரைபிளுக்காகச் செலவழித்ததில் மிகப் பிரயோசனமான இரண்டு டொலர்.

என் அனுபவத்தில் பக்கேஜில் துவக்கு நல்லது. கண்ணாடி சமாளிக்கலாம். பூட்டியிருக்கிற விதத்தை மட்டும் நம்பக் கூடாது. வாங்கிய அன்றே கழற்றிப் பூட்டு, அல்லது தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் பூட்டு. அப்போதே ஸ்கோப் உன் கண்ணில் இருந்து சரியான தூரத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள். நான் பார்க்கவில்லை. கழுத்தை முன்னே நீட்டி மேட்டில் படுத்துச் சுட்டபோது ஸ்கோப் வந்து புருவத்தில் முத்தமிட்டது. பிறைபோல ஒரு காயம். மனைவி பார்த்துவிட்டு, "இது எந்தக் கோயில் திருநீறு?" என்றாள். மூன்றரை அங்குல இடைவெளி இருந்தால் இந்தக் கேள்வி வராது.

அந்தி நேரத்தில் மங்கலாகத் தெரிகிறது என்று மலிவு ஸ்கோப்பைத் திட்டுகிறவர்கள், பெரும்பாலும் அதை ஒன்பதில் வைத்துவிட்டுத் திட்டுகிறார்கள். 40ஐ ஒன்பதால் வகுத்தால் கண்ணுக்கு வருகிற ஒளிவட்டம் நாலரை மில்லிமீற்றருக்கும் குறைவு. ஆறில் வைத்தால் ஆறரைக்கு மேல். மடங்கைக் குறைத்தால் வெளிச்சம் கூடும், காட்டில் மானைத் தேடிப் பிடிப்பதும் சுலபம். என்னுடையது எப்போதும் நாலில் நின்றது. ஒன்பதைக் கடதாசிக்கு மட்டுமே பாவித்தேன்.

குளிரிலும் சில வில்லங்கம் உண்டு. தொழிற்சாலையில் துரு பிடிக்காமல் இருக்கப் பூசுகிற எண்ணெய் போல்ட்டுக்குள் தடிப்பாக இருக்கும். குளிரில் அது பசைபோல இறுகி, ஊசி ரவையைத் தட்டுகிற வேகத்தைக் குறைக்கும். முதல் வெடிக்கு முன்னமே குழலையும் போல்ட்டையும் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். மாலையில் வெளிக்குளிரில் இருந்து அடுப்பெரிகிற அறைக்குள் துவக்கைக் கொண்டு வந்தால், ஐஸ் தண்ணீர்ப் போத்தலுக்கு வியர்ப்பதுபோல் முழுவதும் வியர்க்கும். உறைக்குள் வைத்துப் பூட்டியபடி கொண்டுவந்து, மெல்ல மெல்லச் சூடாக விட வேண்டும். திருகோணமலைக்காரனுக்கு இதெல்லாம் யார் சொல்லித் தருவது? நமக்குத் தெரிந்தது உப்புக் காற்று மட்டும்தான்.

பணக் கணக்கைக் கோட்டை மதிலில் உட்கார்ந்து போட்டோம். 700 டொலர் இருந்தால் 700க்கும் பக்கேஜ் வாங்காதே என்றேன். நான் 500க்குள் முடித்தேன், ஆனால் மிச்சச் சாமான்களுக்கு ஒதுக்காததால் முதல் பருவம் கடன் அட்டையில் ஓடியது. பூட்டு, உறை, தோள்வார், துடைக்கிற கோல், சூட்டுத்திடல் கட்டணம், செம்மஞ்சள் உடுப்பு, எல்லாவற்றுக்கும் மேல் ரவை. காட்டுக்குப் போகுமுன் குறைந்தது நாலு பெட்டியாவது சுட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதில் பாதியை மேசையில் அல்ல, முழங்காலில் நின்றும் மரத்தில் சாய்ந்தும். பழையதாக ஒருவரிடம் வாங்கினால் மலிவு, ஆனால் 2022 முதல் இரண்டாம் கை வாங்கும்போதும் விற்பவர் உன் லைசன்ஸைச் சரிபார்த்து உறுதிப்படுத்தல் இலக்கம் எடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் "பரவாயில்லை தம்பி" என்று தருகிறவரிடம் வாங்காதே. நம்மூர் ஆளாக இருந்தாலும் வாங்காதே.

வீட்டில் வைப்பதைப் பற்றி அங்கே வகுப்பில் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ரவை ஏற்றாமல் வைக்க வேண்டும். விசையைப் பூட்ட வேண்டும், அல்லது போல்ட்டைக் கழற்ற வேண்டும், அல்லது பூட்டிய பெட்டிக்குள் வைக்க வேண்டும். ரவை எளிதில் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும், அல்லது பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். அப்பா எந்த வகுப்புக்கும் போகாதவர். ஒற்றைக் குழலைக் கழற்றி மூன்று இடத்தில் வைப்பார். குழல் நெற்பெட்டிக்குப் பின்னால், பிடங்கு கூரை வளையில், தோட்டா அம்மாவின் கூறைப் பெட்டிக்குள். திறப்பு அம்மாவின் முந்தானையில். பன்றி வந்த சத்தம் கேட்டு மூன்றையும் சேர்த்துப் பூட்டி முற்றத்துக்கு வருவதற்குள் பன்றி அடுத்த வயலுக்குப் போயிருக்கும். அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாக ஞாபகம் இல்லை.

இன்னொன்று, இங்கே வருகிறவர்களுக்கு. வேட்டைக்குக் கொண்டுபோன பையைப் பயணத்துக்கு எடுக்காதே. நான் ஊர் திரும்பப் பெட்டி கட்டியபோது, பழைய கோட்டுப் பையில் ஒரு வெற்றுக் கோது கிடந்தது. மனைவிதான் கண்டெடுத்தாள். கட்டுநாயக்கவில் அது வெளிவந்திருந்தால், நான் மான் வேட்டைக் கதை சொல்லி முடிப்பதற்குள் விமானம் திரும்பிப் போயிருக்கும். அன்றிரவு எல்லாப் பைகளையும் உட்புறம் வெளியே புரட்டி உதறினோம். ரைபிளை அதற்கு முன்பே லைசன்ஸ் உள்ள ஒருவருக்கு விற்றுவிட்டிருந்தேன். அதே தளர்ந்த திருகாணிக் கதையையும் சேர்த்துச் சொல்லித்தான் விற்றேன்.

மருமகன் போய் இரண்டு மாதம். போன கிழமை வட்ஸப்பில் ஒரு படம் வந்தது. துவக்குக் கடை ஒன்று. கண்ணாடிக்கு வெளியே நல்ல வெயில், பின்னால் அரைக்காற்சட்டையோடு நிற்கும் ஆட்கள். நடுவில் இவன், கழுத்துவரை பூட்டிய பனிக்காலக் கோட்டோடு, இடத்தோளில் ஒரு ரைபிளை வைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்கிறான்.